ஏழாம் நம்பர் நோட்டீஸ்

சோபாக்காரர் அதிகம் பேசமாட்டார். பேச வாய் காலியாக இருந்தால்தானே? காலையில் கடை திறந்ததும் ஒரு பிடி குட்டை ஆணியை அள்ளி வாயில் ஒதுக்கிக்கொள்வார். நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளுவார், காந்தச் சுத்தியல் அதைக் கவ்விக்கொள்ளும், ரெக்சினில் ஒரே தட்டு. இருபத்தாறு வருஷமாக இதே கதைதான். சிடுமூஞ்சி என்று தெருவில் பேச்சு. வாய் நிறைய ஆணியை வைத்துக்கொண்டு எவன் சிரிப்பான்?

ஆனால் வேலைக்காரர். பழைய சோபா வந்து இறங்கினால் குழி விழுந்த இடத்தைப் பார்த்தே, "வீட்டுக்காரர் இடது பக்கம் சாஞ்சு தூங்குறவர், டிவி ஜன்னலோரமா இருக்கு" என்று சொல்லிவிடுவார். தப்பவே தப்பாது.

அவர் கணக்குக்குப் பிடிபடாத ஒரே ஆள், மனைவியின் தம்பி. நாற்பத்தொரு வயசு. சேர்ந்த வேலையெல்லாம் சேர்ந்த வேகத்தில் விட்டுவிட்டு, அக்காள் சிபாரிசில் இந்தக் கடையில் வந்து ஒட்டியவன். பழுதுக்கு வந்த சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான். கேட்டால், "ஸ்பிரிங் சோதனை, அத்தான்" என்பான். தெருக்காரர்கள் அவனுக்கு 'அசையாச் சொத்து' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் சோபாக்காரர் வாயிலிருந்த ஆணியெல்லாம் துப்பிவிட்டு மனைவியிடம் சொன்னார். "உன் தம்பிய அனுப்பிடலாம்னு இருக்கேன்."

"தாராளமா அனுப்புங்க. ஆனா காரணத்தைக் கையில வெச்சுக்கிட்டு அனுப்புங்க. சும்மா கோவத்துல அனுப்பினீங்கன்னா எங்கம்மாவுக்கு நான் பதில் சொல்லணும், எனக்கு நீங்க பதில் சொல்லணும்."

அந்தக் காரணத்தைச் செய்து கொடுக்க மகள் இருந்தாள். பயணச் சீட்டு ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை பார்ப்பவள். கடைக்கு இணையத்தில் ஒரு பக்கம் திறந்து வைத்தவளும் அவள்தான்.

"அப்பா, நம்ம பக்கத்துக்கு வர்றவங்க எந்த வழியா வர்றாங்கன்னு ஒரு பட்டியல் வரும். தேடிப் பார்த்து வந்தவங்க தனி, நேரா வந்தவங்க தனி. நோட்டீஸ் அடிச்சு ஒவ்வொண்ணுலயும் வேற வேற கட்டம் போட்டுட்டா, எந்த நோட்டீஸைப் பார்த்து வந்தாங்கன்னுகூடச் சொல்லிடும்."

போனைக் காட்டினால் கடைப் பக்கம் திறக்குமே, அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம். பன்னிரண்டு நோட்டீஸ் அடித்து ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை நம்பர் போட்டாள். மேலே சிவப்பில் பெரிய எழுத்து: 'உட்கார்ந்தால் குத்துகிறதா?' கீழே கட்டம்.

சோபாக்காரர் நோட்டீஸ் கட்டை மச்சினன் கையில் கொடுத்தார். "இந்தா மாப்ளே. ஊரெல்லாம் ஒட்டு. ஒரு மாசத்துல நோட்டீஸைப் பார்த்து அம்பது பேராவது வரலேன்னா, நீ வேற சோபா பார்த்துக்க."

"அம்பது என்ன அத்தான், ஐநூறு வரும்" என்று சொல்லிவிட்டு அசையாச் சொத்து மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

மாசம் முடிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் போனில் பட்டியலை விரித்தாள். மனைவி ஈரக் கையோடு வந்து கதவோரம் நின்றாள். தம்பி அந்த வீட்டில் நல்லதாக இருந்த ஒரே சோபாவில் இருந்தான்.

"நேரா வந்தவங்க இருநூத்திப் பதினாலு பேர்" என்றாள் மகள்.

சோபாக்காரருக்கு மீசை லேசாக மேலே போனது. "பார்த்தியா, நம்ம பேருக்கே வர்றாங்க."

"அதுல இருநூறு உங்க போன்ப்பா. நம்ம கடைய நாமளே தினம் ஆறேழு தடவை எட்டிப் பார்த்தா?"

மீசை கீழே வந்தது. "சரி சரி, நோட்டீஸைச் சொல்லு."

"ஒண்ணு, பூஜ்யம். ரெண்டு, பூஜ்யம். மூணு, பூஜ்யம்."

சோபாக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். ஆறு வரை பூஜ்யம்தான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மச்சினனுக்குச் சொல்ல ஒரு மாசமாகத் தேய்த்து வைத்திருந்த வார்த்தைகளை எடுத்தார்.

"ஏழு, நூத்தி முப்பத்தெட்டு."

"எத்தனை?"

"நூத்தி முப்பத்தெட்டுப்பா. எட்டுலேருந்து பன்னிரண்டு வரைக்கும் திரும்பவும் பூஜ்யம்."

மனைவி சுவரை விட்டு இவரைப் பார்த்தாள்.

"மாப்ளே, ஏழாம் நம்பரை எங்கடா ஒட்டினே?"

"அது எதுக்கு அத்தான் இப்ப? நூத்தி முப்பத்தெட்டு வந்துடுச்சில்ல."

"எங்கடா?"

"பல் டாக்டர்கிட்ட. கடவாப்பல் வலி. ரெண்டு மணி நேரம் உட்கார வெச்சுட்டாங்க. அந்த சோபா அந்தக் குத்து குத்துது. முன்னால இருந்த சோபா முதுகுல ஒட்டிட்டேன்."

"மத்த பதினொண்ணு?"

"பத்திரமா இருக்கு."

அவன் வண்டி சீட்டுக்கு அடியில், மடிப்புக் கலையாமல் இருந்தன. ஒரு மாசத்தில் ஒரே ஒரு நோட்டீஸ், அதுவும் எழுந்திருக்காமல் கைக்கெட்டிய இடத்தில்! சோபாக்காரருக்கு அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. காரணம் கையில் இருந்தது. இப்படியும் இருந்தது, அப்படியும் இருந்தது.

கண்ணால் பார்க்காமல் நம்பக்கூடாது என்று மச்சினனை இழுத்துக்கொண்டு போனார். பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் நாலு நீள சோபா. ஓரமாய் உட்கார்ந்ததும் ஒரு ஸ்பிரிங் கம்பி அவரைத் தொழில்முறையில் விசாரித்தது. கண்ணுக்கு நேரே சிவப்பு எழுத்து: 'உட்கார்ந்தால் குத்துகிறதா?' பக்கத்தில் கன்னம் வீங்கின ஒரு அம்மா. வாய் திறக்க முடியாது, நேரமோ போகாது. நெளிந்தாள், நோட்டீஸைப் படித்தாள், போனை எடுத்துக் காட்டினாள்.

"நூத்தி முப்பத்தொம்பது" என்றான் மச்சினன் காதோரமாக.

அதற்குள் மச்சினனை அடையாளம் கண்டு டாக்டரே வெளியே வந்துவிட்டார். "நோட்டீஸ் நீங்கதானா? வர்றவங்க பல்லைப் பத்திப் பேசறதே இல்லைங்க, சோபாவைப் பத்தித்தான் பேசறாங்க. மானம் போகுது. நாலையும் எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணிக் குடுங்க."

மச்சினன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அத்தான், வேணாம். குத்தலேன்னா யாரு படிப்பாங்க? மூணைச் சரி பண்ணுங்க, இதை மட்டும் விட்டுடுங்க."

"குத்துற சோபாவைப் பார்த்துட்டுச் சும்மா போறதுக்கு நான் எதுக்குடா இருக்கேன்?"

நாலையும் பிரித்து, நாடா மாற்றி, புது ஸ்பிரிங் கட்டி, தட்டித் தைத்துக் கொடுத்தார். நோட்டீஸைத் திரும்ப அதே இடத்தில் ஒட்டிக்கொள்ள டாக்டர் பெரிய மனசோடு சம்மதித்தார். அடுத்த வாரம் மகள் பட்டியலைத் திறந்தாள். ஏழு, பூஜ்யம். சுகமாக உட்கார்ந்தவர்கள் தூங்கிவிட்டார்கள்.

மனைவி மெதுவாகக் கேட்டாள். "இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

சோபாக்காரர் வண்டி சீட்டுக்கு அடியிலிருந்த பதினொன்றையும் எடுத்துவந்து மச்சினன் மடியில் வைத்தார்.

"மாப்ளே, இனிமே கடைப் பக்கம் வராதே."

மனைவிக்கு முகம் சுண்டிப்போனது.

"ஊர்ல எங்கெங்க ஜனங்களைக் காக்க வெக்கிறாங்களோ அங்கெல்லாம் போய் உட்காரு. குத்துச்சுன்னா, கேட்டுட்டு ஒட்டு. குத்தலேன்னா எழுந்து அடுத்த இடம் போ. அதான் உன் வேலை."

அசையாச் சொத்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக யாரும் சொல்லாமல் எழுந்து நின்றான்.

இந்த மாசப் பட்டியலில் மூன்றாம் நம்பர் எண்பதைத் தாண்டிவிட்டது. சோபாக்காரர் வாயில் ஆணியோடு, அது எந்த இடம் என்று தலையை ஆட்டிக் கேட்டார்.

"சொல்லமாட்டேன் அத்தான்" என்றான் அவன் வாசல் படியில் நின்றபடியே. "சொன்னா போய்ச் சரி பண்ணிடுவீங்க."

இரண்டு ஆணி கீழே விழுந்தன. சோபாக்காரர் சிரித்துவிட்டார்.