கரிக்கப்பலில் புஷ்பலதா

தோடு, மூக்குத்தி, மெட்டி எல்லாவற்றையும் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிட்டுத்தான் புஷ்பலதா கொதிகலனின் தீயறைக்குள் நுழைகிறார். வாசல் பெரிய தாம்பாளம் அளவுதான். முதலில் தலை, பிறகு ஒரு தோள், மூச்சை விட்டு மறு தோள். வயது ஐம்பத்து நான்கு.

மலேசியாவில் செமோர் ஊர்க்காரர். வாரநாட்களில் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்க்கும் வேலை. சனிக்கிழமை விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு லூமுட் துறைமுகத்துக்கு வந்துவிடுவார். ஒருகாலத்தில் தெலுக் இந்தானிலிருந்து பினாங்குக்கு ரப்பர் ஏற்றிப்போன நீராவிக் கப்பல் ஒன்றை அங்கே ஏழு ஆண்டுகளாகப் புதுப்பித்தார்கள். அதில் கரி அள்ளிப் போட்டவர்களில் ஒருவர் பத்துமலை, புஷ்பலதாவின் அப்பா. கப்பல் ஓட்டம் நின்றதும் அவர் ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்ட வந்து, தொழிலாளர் லயத்தில் குடியேறினார். “கப்பல்ல இருந்தேன்னு அப்பா சொன்னா லயமே சிரிக்கும் லா. கடைசி வரைக்கும் ஒருத்தரும் நம்பல,” என்கிறார் மகள்.

போன ஆண்டு அழுத்தச் சோதனையில் கொதிகலன் தோற்றது. மறுபடி ஒழுகினால் கப்பலைக் கரையோடு கட்டிப்போட வேண்டியதுதான் என்று ஆய்வாளர் சொல்லிவிட்டார். புதுப்பிப்புக்குப் பொறுப்பான சுகுமாரன், “பார்க்க அழகா நின்னா போதும்க்கா,” என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

“ஓடாத கப்பலுக்கு எதுக்கு தம்பி இவ்வளவு பெய்ண்டு? எனக்கு ஒரு மாசம் குடு.”

நூற்றுப்பன்னிரண்டு குழாய்கள். கொதிகலனில் நீர் நிரப்பி, ஒவ்வொரு குழாயின் விளிம்பையும் விரலால் தடவி, ஈரம் தட்டிய இடத்தில் சாக்குக்கட்டியால் குறி போட்டார். பதினேழு குழாய்கள் ஒழுகின. அத்தனையையும் மாற்றினார்கள். மறுசோதனையன்று ஆய்வாளர் டார்ச் அடித்து மூலை மூலையாகத் தேடினார். ஒரு சொட்டு இல்லை. “போலே,” என்றார். சரி என்ற அந்த ஒரு மலாய்ச் சொல்லுக்குப் புஷ்பலதா படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். “பொறவு மூக்கைச் சீந்திட்டு வேலையைப் பார்த்தேன் லா.”

சென்ற மாதம் கப்பல் தன் சொந்த நீராவியில் பங்கோர் தீவுக்குப் புறப்பட்டது. மேல்தளத்தில் கூட்டம், கீழே அனலில் புஷ்பலதா. விழாவுக்காக வெள்ளைச் சட்டை போட்டிருந்த சுகுமாரன் ஏணியில் இறங்கி வந்தார்.

“அக்கா, தீவு தெரியுது. மேல வாங்க.”

புஷ்பலதா முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எங்கப்பா எட்டு வருசம் இதுல இருந்தாரு. கடலை ஒழுங்காப் பார்த்ததே இல்லன்னு சொல்வாரு. வேலை நேரத்துல மேல விட மாட்டாங்களாம்.”

அழுத்தமானியின் முள்ளை ஒருமுறை பார்த்தார். கரி அள்ளும் ஷவலைச் சுகுமாரனின் கையில் திணித்துவிட்டு, ஏணியில் விறுவிறுவென்று ஏறினார்.