வேகமாகக் காலியான கண் மாத்திரை

செய்தித்தாள் படிக்கும்போது வரியின் நடுவில் ஒரு எழுத்து மட்டும் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. கண்ணாடியைத் துடைத்தேன், சரியாகவில்லை. கடலூரிலிருந்து பஸ் ஏறி, சிதம்பரத்தில் ஒரு கண் டாக்டரிடம் போனோம், நானும் என் வீட்டுக்காரரும்.

வயதாவதால் விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது என்றார் டாக்டரம்மா. வைட்டமினும் துத்தநாகமும் கலந்த மாத்திரை, தினம் காலையில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்.

"இதைச் சாப்பிட்டா நல்லாத் தெரியுமாம்மா?"

"போன பார்வை திரும்பாது. இருக்குறது சீக்கிரம் கெட்டுப்போகாம தள்ளிப்போடலாம்."

"அப்ப வேலை செய்யுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்குறது?"

டாக்டரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காய்ச்சல் மாத்திரை போட்டால் காய்ச்சல் விடும். இதில் எது விடும்?

ஒரு மாதத்துக்கென்று வாங்கி வந்த பாட்டில் மாதம் முடியும் முன்பே காலியானது. எண்ணிக்கை குறைவாகக் கொடுத்துவிட்டார்களோ என்று நினைத்தேன். அடுத்த பாட்டிலும் அப்படியே. காலையில் போட்டதை மறந்து மத்தியானமும் போடுகிறேனா? அடுப்பில் பால் வைத்து மறந்தது, குடையைப் பஸ்ஸில் விட்டது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. கண்ணோடு புத்தியும் போகிறதா? மாத்திரையை விழுங்கியதும் "போட்டாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மத்தியானமானால் அதைச் சொன்னது இன்றா நேற்றா என்று குழப்பம். வீட்டுக்காரரிடம் சொல்லப் பயம். மகளிடம் போனில் சொல்லி, வீணாக அவளைக் கலங்கடிப்பானேன்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் காலைப் பூசையில் அவருக்கு முகமெல்லாம் வியர்த்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வெளியே ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். கோயில் வாசல் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். நெஞ்சுவலியோ என்று அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டேன்.

ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈசிஜி நன்றாகத்தான் இருந்தது. "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டர்.

"பூசையில நன்மை, அதான் சாமியார் குடுக்குற அப்பம், வாங்கணும்னு ஒண்ணும் சாப்பிடல சார். மாத்திரை மட்டும்தான்."

"என்ன மாத்திரை?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "இவளோட கண் மாத்திரை."

வெறும் வயிற்றில் துத்தநாகம் போட்டால் குமட்டும் என்றார் டாக்டர். எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அழுகை வந்தது. அவருக்கு ஒன்றுமில்லை என்பதாலா, என் புத்தி கெடவில்லை என்பதாலா, இத்தனை நாள் சொல்லாமல் எடுத்தாரே என்ற கோபத்திலா, தெரியவில்லை.

"கேட்டா குடுத்திருக்க மாட்டேனா?" என்றேன் ஆட்டோவில்.

"எனக்கும் கண்ணு போயிடுமோன்னு பயந்துட்டேன்னு நெனப்ப. அது இல்ல. ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது தெரியணும்ல? யாரு யாரைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறது?"

அடுத்த முறை சிதம்பரம் போனபோது அவர் கண்ணையும் பார்க்கச் சொன்னேன். நன்றாக இருக்கிறதாம், இந்த மாத்திரையே தேவையில்லையாம். நல்ல கண்ணுக்கு இதனால் பலன் இல்லையாம். நோய் வந்தால் உதவுவது வராமல் தடுக்க ஏன் உதவாது? டாக்டரம்மா விளக்கினார், நானும் தலையாட்டினேன். வெளியே வந்ததும் அவர் கேட்டார், "உனக்குப் புரிஞ்சுதா?"

"இல்லைங்க."

என் கண் முன்பு போலவே இருக்கிறதாம். மாத்திரையாலா, தானாகவா என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றுவிட்டார். சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், இட்லிக்குப் பிறகு.