முப்பத்து நான்கு சுற்று

எனக்கு வாய் குறைவு. காரைக்குடியில் என் கடைக்கு மோட்டார் கொண்டுவருகிறவர்களிடம் இப்போதும் தலையாட்டுவதோடு சரி. ஆனால் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது நான் சத்தமாகச் செய்த வேலை ஒன்று உண்டு. எண்ணுவது.

கருகிப்போன மோட்டார்களை அப்பா ஆலைகளிலிருந்து கழற்றிக்கொண்டு வருவார். அம்மா வீட்டில் கைச்சக்கரத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிப் புதுச் சுருள்கள் போடுவாள். ஒரு சுருளுக்கு நாற்பது சுற்று. அவள் சுற்ற, பக்கத்தில் உட்கார்ந்து நான் எண்ணுவேன். அந்த நேரத்தில் அப்பாவே வந்து பேசினாலும் கையைக் காட்டி நிறுத்திவிடுவாள். என் குரல் மட்டும்தான் கேட்கும்.

அந்த வருட விடுமுறைக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி, கல்லூரியில் எலக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தார்.

"போர்டுல வரஞ்ச மோட்டாரத்தான்க்கா பாத்திருக்கேன். ஒண்ணாச்சும் என் கையால சுத்திப் பாக்கணும்."

"எஞ்சினியரு கை தாங்குமாடா?" என்று சிரித்தபடியே அம்மா சக்கரத்தை அவரிடம் தள்ளினாள். நான் தொட்டால் அடி விழும் சக்கரம்.

அதிலிருந்து மாமா சுற்றினார், அம்மா எண்ணினாள். எனக்கு வேலை இல்லை. கம்பி உரசி மாமாவின் விரல் சிவந்தது. அம்மா தேங்காயெண்ணெய் தடவினாள். நானும் துண்டுக் கம்பியால் விரலைத் தேய்த்துச் சிவக்கவைத்துக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினேன்.

"ஒரே அழுக்கு. போய்க் கழுவு."

அப்போது சுற்றிக்கொண்டிருந்தது புதுவயல் அரிசி ஆலையின் மோட்டார். கடைசிச் சுருளின்போது உலை பொங்கியது. "நீ எண்ணுடா" என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மா எழுந்து ஓடினாள். மாமாவின் கண் கம்பியை விட்டு அகலவில்லை. இருபத்திரண்டு என்று சொன்ன நான் அடுத்து இருபத்தொன்பது என்றேன். நாற்பது என்றதும் மாமா நிறுத்திக் கட்டிவிட்டார்.

மறுநாள் வார்னிஷ் அடிக்குமுன் ஓட்டிப் பார்த்தபோது மோட்டார் உறுமியது. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டது. ஆலைக்காரர் லாரியோடு வந்து நின்றார்.

"என்னம்மா, இன்னைக்குத் தாரேன்னு சொன்னீக. அங்குட்டு நெல்லு நனைஞ்சு கெடக்கு."

"எந் தப்புதாண்ணே. எண்ணிக்கைய விட்டுட்டேன்" என்றார் மாமா.

"படிச்ச புள்ளைன்னாக. நாப்பது வரைக்கும் எண்ணத் தெரியாதாக்கும்?"

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. அடுத்து அம்மாவும் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவ்வளவு ஆசையாக நான் எதற்கும் காத்திருந்ததில்லை.

"உக்காரு. எல்லாத்தையும் பிரி" என்றாள் அம்மா, அவ்வளவுதான்.

ஒவ்வொரு சுருளாக எண்ணிக்கொண்டே பிரித்தார்கள். நாற்பது, நாற்பது, நாற்பது. கடைசிச் சுருளில் மாமா, "முப்பத்தி நாலு" என்றார். அம்மா அவரைப் பார்த்தாள். அவர் அம்மாவைப் பார்த்தார். இருவரும் குனிந்துகொண்டார்கள்.

மாமா தனியாளாக, தானே எண்ணி, அத்தனை சுருளையும் திரும்பச் சுற்றினார். விடுமுறை முடிந்து கிளம்பும்போது, பேசிக்கொண்டே சுற்றினாலும் ஒரு சுற்றுகூடத் தவறாத அளவுக்கு அவருக்குக் கை பழகியிருந்தது. நான் பொய் சொல்லியிராவிட்டால் அதில் பாதிகூட அவருக்குக் கைவந்திருக்காது.

ஆனால் அன்று என்னை எரித்தது நான் சொன்ன பொய் அல்ல. அம்மாவும் மாமாவும் பார்த்துக்கொண்ட அந்தப் பார்வைதான். எனக்குச் சொல்லாமல் அவர்களுக்குள் ஏதோ ரகசியம் வைத்துக்கொள்கிறார்கள் என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ரகசியமே நான்தான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.