தண்ணீரில் கழுவிய விளக்கு

மருதமுனை றாஹிலா வாழ்க்கையில் வென்றெடுத்தவை இவை: புருஷன் மௌத்தான பிறகு வெளியே போய்ச் செய்யும் கல்முனை ஆஸ்பத்திரி வேலை, தறியை விட்டு எழும்பக் கூடாது என்று நின்ற அண்ணன் சீனிமுகம்மது காக்காவின் சம்மதம், இரத்தத்தைக் கண்டு மயங்காத தலை, கடைசியாக, ஆஸ்பத்திரிச் சத்திரசிகிச்சை அறையின் கண்ணாடி அலமாரிச் சாவி.

அந்த அலமாரிக்குள்தான் டொக்டர் கனகரெத்தினம் சீமையிலிருந்து கொண்டுவந்த தொண்டைக்குழாய் இருந்தது. அதற்குள் ஓடும் மெல்லிய கம்பியின் நுனியில் நெல்மணி அளவு பல்ப். பற்றரிப் பெட்டியோடு பூட்டினால் தொண்டைக்குள் வெளிச்சம் விழும். கழுத்தைக் கீறாமலே, சிக்கியதை டொக்டர் இடுக்கியால் எடுத்துவிடுவார். குழாயைக் கொதிநீரில் அவிக்கலாம். விளக்குக் கம்பியை மட்டும் அவிக்கவும் கூடாது, நனைக்கவும் கூடாது. ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைக்க வேண்டும். அது றாஹிலாவின் பொறுப்பு. பற்றரியைப் பார்ப்பது கூட வேலைசெய்த காலிதீனின் பொறுப்பு.

1957 நோன்பு மாதத்தில் ஒரு காலை, கல்முனைக்குடி மீன்காரர் கச்சிமுகம்மது கழுத்தைப் பிடித்தபடி வந்தார். விடியுமுன் சஹருக்குத் தின்ற பாரை மீனின் முள்.

"எத்தினை பாரையைத் தூண்டில்ல கொளுவியிருப்பன். இப்ப அது என்னைக் கொளுவிட்டு" என்று கரகரத்தவர், றாஹிலா துடைத்துக்கொண்டிருந்த கம்பியை முகர்ந்தார். "இஞ்ச புள்ள, இதில சாராய மணம் அடிக்கிது."

"சாராயமில்ல மாமா, ஸ்பிரிட்டு."

"ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளதானே. நோன்பு போனாப் பிறகொரு நாள் புடிச்சுக் களாச் செய்யலாம். அசுத்தம், நஜீஸு, உள்ள போனா என்ன செய்ற? கழுவிட்டுக் கொண்டா."

றாஹிலாவுக்கும் அது நெடுநாள் உறுத்தல். யாரும் பார்க்காத நேரம் கம்பியைப் பைப்புத் தண்ணீரில் மூன்று தரம் அலசி, துணியால் ஒற்றினாள். பூட்டிப் பார்த்தபோது பல்ப் எரியத்தான் செய்தது.

நோயாளியின் தலையைச் சாய்த்துப் பிடித்திருந்ததும் அவள்தான். குழாய் இறங்கியது. "முள் தெரியுது" என்று டொக்டர் இடுக்கியை நீட்டினார். வெளிச்சம் அணைந்தது. இருட்டில் இடுக்கி தொண்டையைக் கிழித்துவிட்டது. இரத்தத்தோடு அவரைக் காரில் ஏற்றி மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள்.

"பற்றரியப் பாத்தியா?" என்று டொக்டர் காலிதீனைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தன் சேர், அல்லாட மேல ஆணை."

"பொய் கதைக்காத. நாளையிலிருந்து வேலைக்கு வராத."

றாஹிலா கம்பியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

முள் எடுபட்டு ஊர் திரும்பிய கச்சிமுகம்மதுவுக்குக் குரல் வரவில்லை. பார்க்கப் போனவளிடம், "நான்தானே கழுவச் சொன்னன், நீ சும்மா இரி" என்று காற்றாகச் சொன்னார். அந்த ஆறுதல்தான் அவளை அரித்தது. அவருக்குக் கம்பியைப் பற்றித் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

கல்முனைச் சந்தையில் காலிதீன் அரிசி மூட்டை சுமந்துகொண்டிருந்தான். அவளைக் கண்டு நின்றான்.

"ராத்தா, அண்டைக்கு நான் பற்றரியச் சரியாப் பாக்கல்லயாக்கும். யோசிச்சு யோசிச்சு எனக்கே சந்தேகமா இரிக்கி."

செய்யாத பிழையை அவன் நம்பத் தொடங்கியிருந்தான். மறுநாட் காலை றாஹிலா டொக்டரின் மேசை முன்னால் போய் நின்றாள்.

"சேர், பற்றரியில பிழையில்ல. நான்தான் கம்பியத் தண்ணியில கழுவின."

"நனைக்கப்படாதெண்டு சொன்னனான்தானே?"

"ஓம் சேர். ஸ்பிரிட்டு எங்களுக்கு நஜீஸ். அத உங்களுக்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்திச்சு."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "சொல்லியிருந்தா வேற வழி பாத்திருப்பனே" என்றார். பிறகு கையை நீட்டினார். அவள் அலமாரிச் சாவியை அதில் வைத்தாள்.

காலிதீனைத் திரும்ப எடுக்க, அவள் சொன்னது எழுத்தில் வேண்டியிருந்தது. கிளாக்கர் எழுதி வாசித்துக்காட்டிவிட்டு, மைப்பெட்டியைத் திறந்து பெருவிரலைக் கேட்டார்.

"பேனையத் தாங்க" என்றாள் றாஹிலா. "இது நான் சொன்னதுதான் எண்டு தெரியோணும்."

மகள் சுபைறாவின் சிலேட்டில் எழுதிப் பழகிய தன் பேரின் மூன்று எழுத்தையும் ஒவ்வொன்றாக, மை சிந்தாமல் எழுதினாள். கீழே கிளாக்கர் திகதியிட்டார்: 1957 ஏப்ரல் 23.