அப்பா எழுத மறுத்த வரி

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையைக் கடந்து ரயில் நிலையத்தை நோக்கி அப்பா வேகமாக நடந்துகொண்டிருந்தார். நான் பின்னால் ஓடினேன். சாப்பாட்டுக் கடை வாசலில் நின்று மாமா இன்னும் கத்திக்கொண்டிருந்தார்.

"ஒரு வரி லா, அத்தான்! ஒரு வரிக்காக இப்படி ஒரு வேலைய யாராச்சும் விடுவாங்களா?"

எனக்கு அப்போது பத்து வயது. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த அப்பாவின் ஒப்பந்தம் முந்தைய வாரம் முடிந்திருந்தது. நிரந்தரவாச உரிமை இருந்ததால் நாட்டைவிட்டுப் போக வேண்டியதில்லை, அவ்வளவுதான். வளைகுடாவில் ஒரு பல்கலைக்கழகம் பேராசிரியர் வேலை தருவதாக எழுதியிருந்தது. வீடு இலவசம். ஒரே நிபந்தனை: அச்சுக்குப் போகவிருந்த அவருடைய மூன்று கட்டுரைகளிலும், ஆய்வு தங்களிடம் நடந்ததாக ஒரு வரி போட வேண்டும். அன்று மாலை ஆறு மணிக்குள் பதில். அப்பாவைச் சம்மதிக்க வைக்கத்தான் மாமா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்.

அப்பா ஏற்கெனவே தமிழ்நாட்டில் இரண்டு கல்லூரிகளை விட்டவர். ஒன்றில் வகுப்புக்கே வராதவர்களுக்கு வருகை போடச் சொன்னார்கள். இன்னொன்றில் தாளாளர் பெயரைக் கட்டுரையில் சேர்க்கச் சொன்னார்கள். அப்படித்தான் சிங்கப்பூர் வந்தோம். எனக்கு இது நான்காவது பள்ளி.

ரயிலில் கைபேசி அடித்தது. அப்பா பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். அம்மா.

"டேய், அப்பா சரின்னு சொல்லிட்டாரா?"

மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் குரலுக்குப் பயந்து, "சொல்லிட்டாரும்மா" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தபடி கைபேசியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மணி ஐந்து. ஆறுக்குள் அவர் மனம் மாறினால் என் பொய் உண்மையாகிவிடும். எங்கள் வீடு இருந்த புக்கிட் பாத்தோக் போய்ச் சேரும்வரை அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை மறுபடி கைபேசியைத் தொடவே இல்லை.

வீட்டில் கேசரி வாசம். பக்கத்து வீட்டு மலாய் அம்மாவுக்கும் ஒரு கிண்ணம் போயிருந்தது.

"நான் சரின்னு சொல்லல" என்றார் அப்பா, செருப்பைக் கழற்றாமலே. "நீ பயப்படக் கூடாதுன்னு பையன் சொன்னது."

"யாருங்க அந்த ஒரு வரியப் படிக்கப்போறா?"

"இங்க செஞ்ச வேலைய அங்க செஞ்சேன்னு எப்படி எழுதுறது?"

"அப்ப இவன் படிப்பு?"

அப்பா குனிந்து செருப்பைக் கழற்றினார். ஆறு மணி ஆனது. அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பின்னாளில் என் படிப்பு அரைகுறையாகத்தான் நின்றது. நானும் பல ஊர்களில் பல வேலைகளை விட்டிருக்கிறேன். அப்பாவுக்கு இருந்ததுபோல் ஒரு நல்ல காரணம் எனக்கு ஒருமுறைகூட இருந்ததில்லை.

அந்த மாலைக்கு மறுநாள் காலை அப்பா செங்காங்கில் ஒரு துணைப்பாட டியூஷன் நிலையத்தில், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தரச் சேர்ந்தார். ஆய்வாளர் என்றால் என்ன என்று என் வகுப்பில் யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. அன்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன், என் அப்பா வாத்தியார் ஆகிவிட்டார் என்று.