இராகுகாலத்தில் எழுதாத கட்டுரை

சண்டிலிப்பாய்ப் பஞ்சலிங்கத்துக்குக் கட்டுரை எழுதத் தெரியாது என்று சொல்பவர்கள் பொறாமைக்காரர்கள். கட்டுரைக்குத் திட்டம் போடுவதில் வலிகாமம் முழுவதிலும் அவனுக்கு நிகரில்லை. எழுதுவது ஒன்றுதான் மிச்சம். கிளாக்கர் வேலைக்கான சோதனைக்கு முன்னரும் போய்த் தோற்று வந்தவன். இந்தத் தடவையோடு வயதெல்லையும் முடிகிறது. தேறினால் அரசாங்க உத்தியோகம், அதோடு வட்டுக்கோட்டை இளையதம்பியரின் மகள் குணலட்சுமி. தேறாவிட்டால் இரண்டும் இல்லை. இதை இளையதம்பியர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

திட்டம் போடும் வித்தை அவனுக்கு ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் வந்தது. வினாவை இரண்டுதரம் வாசி, மனதில் வருவதைக் குறித்துக்கொள், வேண்டாததை வெட்டு, மிஞ்சியதை ஒழுங்குபடுத்து, பத்திக்கு ஒரு கருத்தாக எழுது என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். பஞ்சலிங்கம் குறித்துக்கொள்வது வரைக்கும்தான் காது கொடுத்தான். தன் மூளையில் உதித்ததை யாராவது வெட்டுவார்களா? ஆகவே அவன் திட்டத்தில் தலைப்புகள் குட்டி போட்டன. குட்டிகளும் குட்டி போட்டன. அடிக்கோடும் அம்புக்குறியுமாக அது திருவிழாச் சப்பறம் போல நிற்கும். உள்ளே சாமி மட்டும் இருக்காது.

சோதனை நேர அட்டவணை வந்ததும் அதை எடுத்துக்கொண்டு இளையதம்பியரிடம் ஓடினான். அவர் பஞ்சாங்கம் பாராமல் பல்லும் விளக்காதவர்.

"கட்டுரைத்தாள் வெள்ளிக்கிழமை பத்தரைக்கோ? தம்பி, அது இராகுகாலமெல்லே! பன்னிரண்டு அடிக்கும் மட்டும் ஒண்டும் தொடங்கேலாது."

"பன்னிரண்டரைக்குத் தாளைப் பறிச்சுப்போடுவாங்கள், மாமா."

"அதுக்கு நான் என்ன செய்ய? இராகு வெள்ளைக்காரனைக் கேட்டே வாறவர்?"

பஞ்சலிங்கத்தின் அறிவு அப்போதுதான் வேலை செய்தது. "திட்டத்தைப் பென்சிலாலை போட்டால் என்ன, மாமா? அது எழுத்தில்லையே."

இளையதம்பியர் கண்ணை மூடினார். கிரகங்களோடு கலந்து பேசினார் போலும். "ஓம், பென்சில் குற்றமில்லை. பேனையைத்தான் தொடக்கூடாது."

ஒரு கிரகத்தையே ஏமாற்றிவிட்ட களிப்பில் இருவரும் தேத்தண்ணி குடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை வினாத்தாளில் இரண்டு தலைப்புகள் இருந்தன: உங்கள் ஊர்க் கிணறு, நாகரிகத்தின் வளர்ச்சி. தகப்பனின் புகையிலைத் தோட்டத்துக்குச் சின்ன வயது முதல் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்தவன் பஞ்சலிங்கம். கிணற்றைப் பார்த்ததும் அவனுக்கு மூக்குச் சுருங்கியது. கிணற்றைப் பற்றி எழுதியா கதிரையில் உட்கார்ந்திருக்கும் உத்தியோகம் கேட்பது? நாகரிகத்தைப் பிடித்தான். பென்சிலை எடுத்தான். ஆதி மனிதன் முதல் ஆகாயக் கப்பல் வரை தலைப்புகள் தாள் கொள்ளாமல் பெருகின.

பக்கத்து மேசையில், அதே பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கீழே படித்த பண்டத்தரிப்புத் தியாகலிங்கம். கோணல் கையெழுத்து, அரைகுறை இங்கிலீசு. அவன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான், நாலு வரி குறித்தான், இரண்டை வெட்டினான், உடனே பேனையால் எழுதத் தொடங்கினான். இராகுகாலத்தில்! பஞ்சலிங்கம் அவனுக்காக உண்மையாகவே இரக்கப்பட்டான்.

பன்னிரண்டு அடித்தது. பஞ்சலிங்கம் பேனையைக் கண்ணில் ஒற்றி, தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டு, முகவுரையைத் தொடங்கினான். கற்கால மனிதன் தீ மூட்டக் கல்லை எடுத்தபோது முடிவு மணி அடித்துவிட்டது. மனிதகுலம் இருட்டிலேயே நின்றது. பென்சில் திட்டத் தாளையும் விடையோடு சேர்த்துக் கட்டப் பார்த்தான்; மேற்பார்வைக்காரர் அதை உருவி அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

வாசலில் தியாகலிங்கம் கேட்டான்: "அண்ணை, எதை எழுதினியள்?"

"நாகரிகம். நீ?"

"கிணறு. துலா மிதிக்கிறது, பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறுறது, கிணத்துப் பங்குக்காரர் மண்டை உடைக்கிறது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"உதெல்லாம் ஒரு கட்டுரையோடா?" என்று சிரித்துவிட்டு, பஞ்சலிங்கம் நேரே வட்டுக்கோட்டைக்குப் போனான்.

"பேனையைத் தொட்டனீரோ?" என்றார் இளையதம்பியர்.

"பன்னிரண்டு மட்டும் தொடேல்லை, மாமா."

"உதெல்லோ பிள்ளை!" என்று முதுகில் தட்டினார்.

சோதனைப் பெறுபேறு வந்தது. தியாகலிங்கத்தின் பெயர் இருந்தது. பஞ்சலிங்கத்தின் பெயர் இல்லை. அந்தக் கிழமையே இளையதம்பியர் சால்வையைப் போட்டுக்கொண்டு பண்டத்தரிப்புக்குச் சம்பந்தம் பேசப் போனார். சேதி கேட்டுப் பஞ்சலிங்கம் அவர் வீட்டு வாசல் படலையில் போய் நின்று கத்தினான்.

"மாமா, அவன் இராகுகாலத்திலை எழுதினவன்! நான் என்ரை கண்ணாலை கண்டனான்!"

"ஓம் தம்பி, எழுதினவர்தான். உத்தியோகம் கிடைச்சது நல்ல நேரத்திலை எல்லே?" என்றார் இளையதம்பியர், கொஞ்சமும் கூசாமல். "மற்றது, இனி என்னை அண்ணை எண்டு கூப்பிடும்."

பஞ்சலிங்கம் வீட்டுக்கு வந்து, தாய் இரத்தினம்மாவிடம் இராகு, இளையதம்பியர், வெள்ளைக்காரன் என்று குற்றவாளிகளை வரிசையாக நிறுத்தினான். தான் மட்டும் அந்த வரிசையில் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தப் பெட்டை குணலட்சுமி என்ன சொன்னவளாம்?"

அவளை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதும் பஞ்சலிங்கத்துக்குத் தோன்றவில்லை.

"தெரியாதம்மா. பாவம், அழுதிருப்பாள்."

இரத்தினம்மா மகனை மேலும் கீழுமாக ஒருதரம் பார்த்தாள்.

"தப்பினாள்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.