தூள் நிறுக்கிற அறையிலிருந்து

மருந்துத் தூள் நிறுக்கிற வேலையில் முதல் சங்கடம், மூக்கு அரித்தால் சொறிய முடியாது என்பது. மாஸ்க், கண்ணாடி, கையில் ரெண்டு அடுக்கு உறை என்று மாட்டிக்கொண்டு காலை முழுக்க நிற்பவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் எங்கள் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. சின்னச் சின்ன மருந்துக் கம்பெனிகள் அனுப்புகிற தூள்களை நிறுத்து, கரைத்து, சரக்கு சரிதானா என்று சொல்வது எங்கள் வேலை. நிறுக்கிற அறைக்குப் பொறுப்பு நான்.

சுரண்டை அண்ணாச்சியின் நாக்கு

சுரண்டையில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருநாள் ஒரு கண்ணாடிப் பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். உள்ளே வெள்ளைத் தூள். மழையில் கடை ஒழுகி, ஒட்டியிருந்த பேர்ச்சீட்டு ஊறிப் போய்விட்டதாம். இந்துப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நகை பற்றவைக்கிற வெங்காரமாக இருக்க வேண்டும், எதுவென்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்து, விரலை நனைத்து, தொட்டு நாக்கில் வைத்துவிட்டார். நான் பாட்டிலைப் பிடுங்கி மூடினேன். முப்பது வருஷமாக இப்படித்தான் கண்டுபிடிக்கிறதாகவும், இந்துப்பு என்றே தோன்றுவதாகவும் சொன்னார்.

மறுநாள் போன் பண்ணி, அது வெங்காரம், வாயில் வைக்கக் கூடாத சரக்கு என்றேன். பாட்டிலைக் கொண்டுவருவதற்கு முந்தின நாள் வீட்டு ரசத்தில் அதில் ஒரு சிட்டிகை போட்டதாக மெதுவாகச் சொன்னார். குடித்தவர்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். போனார்கள். போட்டது சிட்டிகைதான் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் ஒரு பை நிறையப் பேர் இல்லாத பாட்டில்களோடு வந்து மேசைமேல் வரிசையாக அடுக்கினார். "இதையும் பாத்துருங்கம்மா. எல்லாத்துக்கும் பேரு ஒட்டாம வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னுட்டா எம்பொண்டாட்டி."

ஈரத்துணி

இது என் தப்பு. ஒரு மத்தியானம் ஆன்டிபயாட்டிக் தூள் அரைக் கரண்டி தரையில் சிந்திவிட்டது. தூளைப் பெருக்கக் கூடாது. பெருக்கினால் கண்ணுக்குத் தெரியாமல் எழும்பி மூச்சில் போய்விடும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு பையில் கட்ட வேண்டும். துணி எடுக்க நான் ஸ்டோருக்குப் போன நேரத்தில் இசக்கியம்மாள் வந்தாள். கூடத்தைச் சுத்தம் பண்ணுகிறவள், என் வயசுதான். கீழே கொட்டிக் கிடக்கிறதே என்று விளக்குமாற்றை எடுத்துக் கூட்டிவிட்டாள்.

நான் திரும்பி வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் வீங்கி, மூச்சு விசிலடித்தது. அந்த வகை மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க அவள் கையை நான் விடவில்லை. குற்றாலச் சீசன் கூட்டத்தில் ரோடு நகரவே இல்லை. அன்றைக்குப் போல நான் பயந்ததில்லை. ஊசி போட்டு, ரெண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

நாலாம் நாள் வேலைக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கொண்டுபோயிருந்த பழத்தை வாங்கிக்கொண்டு, ஒரு தடவை என்னைப் பார்த்தாள். "டிகிரி படிச்ச அஞ்சு பேருக்கும் கிளாஸ் எடுத்தீய. கூட்டுதவளுக்குத்தான் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல."

முடி மருந்து

ரஹ்மத் கடையநல்லூர்க்காரி. எங்களோடு ரெண்டு வருஷமாக வேலை பார்த்தாள். மாப்பிள்ளை துபாயில். அந்த வருஷம் லீவில் வந்து ரெண்டு மாசம் இருந்துவிட்டுப் போயிருந்தார். ஆடி மாசம், சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, ஒரு கம்பெனியிலிருந்து டப்பா வந்தது. ஆம்பளைகளுக்கு முடி கொட்டாமலிருக்கக் கொடுக்கிற மருந்தின் தூள். கூடவே வந்த பாதுகாப்புத் தாளில், கர்ப்பிணிகள் தொடவோ சுவாசிக்கவோ கூடாது, வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் என்று போட்டிருந்தது. எங்கள் மேனேஜர் நல்ல மனுஷர், கூச்சமும் ஜாஸ்தி. எல்லாரையும் நிறுத்திவைத்து, லேடீஸ் யாருக்காவது இதில் பிரச்சனை உண்டா என்று விட்டத்தைப் பார்த்துக் கேட்டார். ஒருத்தரும் பேசவில்லை. மறுநாள் நிறுக்கிற முறை ரஹ்மத்துக்கு.

காலையில் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கவுன், மாஸ்க் எல்லாம் போட்டு, காற்றை உறிஞ்சுகிற பெட்டிக்கு முன்னால் நின்றாள். டப்பா திறக்கவில்லை. கையுறையை மாட்டினாள், கழற்றினாள், திரும்ப மாட்டினாள். எனக்கு என்னவோ போல இருந்தது. உள்ளே போய், தராசைச் சரிபார்க்க வேண்டும், நீ வெளியே ரிஜிஸ்டரைப் பார் என்றேன். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். நானே நிறுத்தேன். ரெண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன் பண்ணிக்கொண்டவள் நான். எனக்கு அந்தக் கவலை இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தவள், தானாகச் சொன்னாள். தலைக்குக் குளித்து அறுபது நாள் ஆகிறது. இதற்கு முன்னால் ரெண்டு தடவை தங்கவில்லை. மூணு மாசம் தாண்டுகிறவரைக்கும் மாமியாரிடம்கூடச் சொல்வதில்லை என்று இருக்கிறாள். அப்படியிருக்க, அத்தனை ஆம்பளைகள் முன்னால் எப்படிக் கை தூக்குவாள்? மாட்டேன் என்றால் வேலை போய்விடுமோ என்று வேறு பயம். நான் தாளை வாசித்தாயா என்று கேட்டேன். "நேத்தே வாசிச்சிட்டேங்க்கா. வாசிச்சது தெரியுது. அத யாருட்ட சொல்லணும்னுதான் தெரியல."

சாமியின் தாடி

நான் அவள் பேரைச் சொல்லாமல் மேனேஜரிடம் பேசினேன். கூட்டத்தில் வைத்துக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்றேன். எந்தத் தூள் வந்தாலும், யாரும் "இன்னைக்கு வேண்டாம்" என்று சொல்லலாம், காரணம் கேட்கக் கூடாது என்று ஒரு ஏற்பாடு செய்யச் சொன்னேன். இப்படி விட்டால் எல்லாரும் ஓபி அடிப்பார்களே என்று ரெண்டு நாள் யோசித்தார். அப்புறம் அவரே எழுதி, அறைக் கதவில் ஒட்டினார். ரஹ்மத் வெளியே சொல்லுகிற நாள் வருகிறவரைக்கும் அவள் முறையை நான் பார்த்தேன்.

ஏற்பாட்டை வாய்விட்டுச் சொல்லி முதலில் பயன்படுத்திக்கொண்டது எங்களோடு நிறுக்கிற இலத்தூர் முருகேசன். கார்த்திகையில் மலைக்கு மாலை போட்டிருந்தான். ரெண்டு வாரத் தாடி. தாடி இருந்தால் மாஸ்க் முகத்தில் ஒட்டாது, ஓரமாகக் காற்று உள்ளே வரும். சரியாக ஒட்டுகிறதா என்று பார்க்க, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டவர் தலைக்குமேல் ஒரு கூண்டைக் கவிழ்த்து, உள்ளே இனிப்புத் தண்ணீரைப் புகையாக அடிப்போம். இனிப்புத் தெரிந்தால் மாஸ்க் ஒழுகுகிறது என்று அர்த்தம். மாலை போட்டவரைச் சவரம் பண்ணு என்று யார் சொல்வது? புகையை அடித்துவிட்டு நானும் மேனேஜரும் ரிஜிஸ்டரைப் புரட்டினோம். முருகேசன் கூண்டைக் கழற்றிக்கொண்டு, இன்னைக்கு வேண்டாம் என்றான். மேனேஜர் மறந்துபோய், ஏன் சாமி என்று கேட்டுவிட்டார். "சாரே, காரணம் கேக்கக் கூடாதுன்னு நீங்கதான் எழுதி ஒட்டியிருக்கீய. இருந்தாலும் சொல்லுதேன், வாய் இனிக்குது."

படிக்கட்டில்

மாசியில் ரஹ்மத்துக்குப் பெண்பிள்ளை பிறந்தது. நாற்பது நாள் கழிந்து, செங்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற வழியில் எங்களைப் பார்க்க வந்தாள். பிள்ளையை உள்ளே கொண்டுவர விடமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். படிக்கட்டிலேயே நின்றுகொண்டு ஆள் அனுப்பினாள். நான் அன்றைக்குக் காலையில் தூள் நிறுத்திருந்தேன். கவுனை மாற்றி, முகம் கழுவி, கை கழுவி வெளியே வந்தேன். பிள்ளையைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. திரும்ப உள்ளே போய்க் கழுவினேன். மறுபடி வந்து, நகக்கண்ணில் ஏதாவது இருக்குமோ என்று மூணாவது தடவையும் போனேன். வந்த பிறகும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்துதான் பார்த்தேன். நல்ல உருண்டை முகம். தூக்கத்தில் உதட்டைச் சப்பிக்கொண்டிருந்தது.

ரஹ்மத் துணியோடு பிள்ளையை என் பக்கம் நீட்டினாள். "பிடிங்க கோமதிக்கா. உங்க கைய விட சுத்தமான கை எங்க வீட்டுலயே கிடையாது."

எதைத் தொட்டாலும் ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய தொழில் எங்களுடையது, அன்றைக்குத் தொட்டதை மட்டும் நான் எழுதவில்லை.